புளியங்குடிச் சந்தையில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள்

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்துரைப்பது நம் இலக்கண மரபு. தொல்காப்பியர் திசைச்சொல் என்றது செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களின் வழக்கையே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரோ அவ்வெல்லையை விரித்தார்; தமிழ் நிலம் ஒழிந்த ஏனைப் பதினேழு நிலங்களினின்று வந்து வழங்கும் சொற்களையும் திசைச்சொல் என்றே அடக்கினார். ஆங்கிலம் என ஒரு மொழி உண்டென்பதை அம்முனிவர் அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும், பிற்காலத்தில் கடல் கடந்து வந்த சொற்களுக்கும் இலக்கணத்திலே ஓரிடம் அவர் கையாலேயே அமைந்துவிட்டது.

பிறமொழிச் சொற்களைக் கொள்ளலாமா, தள்ளலாமா என்னும் வழக்கு 1916-ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்ட நாள்முதல் நடந்து வருகின்றது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. தள்ளவேண்டும் என்பாரும் கொள்ளவேண்டும் என்பாரும் ஒருங்கே விட்டுவிட்ட வேறொரு கேள்வி உண்டு. நம் நாவில் வழங்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலுள்ள பொருள்தானா இங்கும்? அன்றெனின் அதன் பொருள் யாது? அதனால் விளையும் நன்மை தீமை யாவை? இவற்றையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட இடம் புளியங்குடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சங்கரன்கோவிலுக்கு நேர் மேற்கே, மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையின்மேல் உள்ளது இவ்வூர். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்கும். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய் வந்து இறங்கும் சந்தையிலே ஒரு நாட்காலை நின்று செவி கொடுத்தால் போதும்; அகராதிக்காரர் ஒருவருக்கு ஒரு மாதத்து வேலை கிடைத்துவிடும். யான் சென்ற கோடை விடுமுறையில் அவ்வாறு நின்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தவற்றுட் சிலவே இங்குத் தரப்படுவன.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். தமிழல்லாத ஐரோப்பியச் சொற்கள் எல்லாம் ஆங்கிலம் என்று நம்மவர் பலரும் எண்ணுகின்றனர். சந்தையின் உயிர்நாடியான 'ஏலம்' என்ற சொல் போர்த்துக்கேசியம். ஜன்னல், மேசை, அலமாரி, சாவி, பாதிரி ஆகியனவும் அம்மொழியினின்று வந்தவையே. குளத்திலே நீந்தும் வாத்துங்கூட அவர்கள் கொடுத்த பெயரைச் சுமந்து திரிகின்றது! போர்த்துக்கேசியர் 1498-ல் கள்ளிக்கோட்டை சேர்ந்தனர். அடுத்த நூற்றாண்டிலே நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் அவர்கள் சமயமும் வாணிகமும் வேரூன்றின. 1658-ல் தூத்துக்குடி உலாந்தாக்காரர் கைக்கு மாறிற்று. அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் 'துட்டு' ஒன்று. 'கையில் துட்டு இல்லை' என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது, உலாந்தா நாட்டுச் சிறு செப்புக்காசு ஒன்றின் பெயரையே சொல்லி அலுத்துக்கொள்கிறோம். இவையெல்லாம் வந்து வேர்விட்ட பின்னரே ஆங்கிலச் சொற்கள் வெள்ளமாக வந்தன.

இனிச் சந்தைக்குள் புகுவோம். 'கமிஷன் கடை' என்பது முதலில் கண்ணிற்படும் பலகை. கமிஷன் என்னும் ஆங்கிலச் சொல்லின் அடிப்படைப் பொருள், ஒருவர்பால் ஒரு பொறுப்பை ஒப்புவித்தல். அதனின்றே அரசாங்கம் அமைக்கும் விசாரணைக் கமிஷனும் வந்தது. படைத்தலைவர் பெறும் பதவிப் பத்திரமும் வந்தது. விற்றுக் கொடுப்பவர் எடுத்துக்கொள்ளும் பங்கும் வந்தது. புளியங்குடியில் அக்கடைசிப் பொருள் ஒன்றே உயிரோடிருக்கின்றது. செய்தித்தாளில் 'கமிஷன் அமைக்கப்பட்டது' என்று படித்த முதியவர் ஒருவர், 'நூற்றுக்கு எவ்வளவாம்?' என்று வினவினால் அவரைக் குறைகூற இயலாது. தரகு என்னும் நம் பழஞ்சொல் ஏறக்குறைய அதே பொருளில் இருந்தும், அதில் சற்று இழிவு ஒட்டிக்கொண்டமையால் வணிகர் கமிஷனுக்கு மாறினர் என்று எனக்குத் தோன்றுகின்றது. சொல்லை மாற்றினர், தொழில் மாறவில்லை.

'பார்ட்டி' இன்னும் சுவையுடையது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அரசியற் கட்சி, விருந்து, வழக்கின் ஒரு தரப்பார் என்று பல பொருள். சந்தையிலோ, 'கேரளத்துப் பார்ட்டி வந்திருக்கிறது' என்றால் காய் வாங்க வந்த வணிகர் என்பது பொருள். நியாயத்தலங்களிலும் ஒப்பந்தப் பத்திரங்களிலும் வழங்கிய 'தரப்பார்' என்ற பொருளே சந்தைக்கு இறங்கிவந்து இவ்வாறு நின்றது போலும். இங்குத் திணை மயக்கத்தையும் கவனிக்க வேண்டும். விலை பேசி முடியும்வரை 'பார்ட்டி வந்திருக்கிறது' என அஃறிணை முடிபு கொள்கின்றது. பணம் கைக்கு வந்தபின் அப்பார்ட்டியே 'வந்தார், சாப்பிட்டார்' என்று உயர்திணைக்கு உயர்ந்துவிடுகிறது! சேனாவரையர் இருந்திருப்பின் இதற்கு ஒரு விளக்கம் எழுதியிருப்பார்.

'லோடு' என்பது ஆங்கிலத்தில் எந்தச் சுமைக்கும் பெயர். தலைச்சுமையும் லோடுதான், மனச்சுமையும் லோடுதான். நம்மூரில் அது ஓர் அளவுப்பெயர். ஒரு லாரி கொள்ளும் அளவே ஒரு லோடு. ஆகவே 'ஒரு லோடு மணல்', 'அரை லோடு காய்' என்றெல்லாம் எண் அடுத்து வருகின்றது. படி, மரக்கால், கோட்டை என்னும் முகத்தல் அளவைப் பெயர்களின் வரிசையில் இதையும் வைக்கத் தகும்.

அளவையோடு நிற்கவில்லை, நம் புணரிலக்கணமும் இச்சொற்களை ஆட்கொண்டுவிட்டது. 'வீடு' என்னும் சொல் வேற்றுமையுருபு ஏற்குமிடத்து டகரம் இரட்டித்து 'வீட்டில்', 'வீட்டுக்கு' என்றாகும். நெடில்தொடர்க் குற்றியலுகரத்துக்குரிய விதி அது. நன்னூலைக் கண்ணாலும் கண்டறியாத ஒரு கிழவி, 'ரோட்டுல பார்த்துப் போ, ஐயா' என்று பேரனை எச்சரிக்கும்போது, ரோடு என்னும் ஆங்கிலச் சொல்லின்மேல் அதே விதியைப் பிழையறச் செலுத்துகின்றாள். அவளுக்கு ரோடு தமிழ்ச்சொல்லே. ஆயின் 'லோடு' இன்னும் அவ்வளவு உரிமை பெறவில்லை. 'லோடில் ஏற்று' என்று இரட்டாமலே சொல்லக் கேட்கிறோம். ஒரு சொல் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டதா, இன்னும் விருந்தாளிதானா என்று அறிவதற்கு இவ்வுருபுப் புணர்ச்சி நல்லதோர் உரைகல்.

ரகரமும் லகரமும் மொழிக்கு முதலில் வாரா. வரின் அகர இகர உகரங்களில் ஒன்று முன்னே வந்து தாங்கும் என்பது நன்னூலார் கருத்து. 'இரயில்', 'இலாந்தர்' என்று நம் முன்னோர் எழுதியது அவ்விதிபற்றியே. மெய்யெழுத்தும் முதலில் வாராது. ஆதலின் ஸ்டேஷன் என்பது பாமரர் வாயில் 'டேசன்' ஆயிற்று. ஸ்கூல் என்பது 'இஸ்கூல்' ஆயிற்று. படித்தவர் இவற்றைக் கேட்டு நகைப்பர். உண்மையில், தமிழின் ஒலியமைதியைக் காத்தவர் நகைக்கப்பட்டவரேயன்றி நகைத்தவர் அல்லர்.

வினைச்சொல் வகையில் தமிழ் காட்டும் கண்டிப்பும் வியப்பிற்குரியது. ஆங்கிலப் பெயர்கள் ஆயிரம் நுழைந்துள்ளன; ஆங்கில வினைப்பகுதி ஒன்றன்மேல் நம் இடைநிலையும் விகுதியும் நேரே ஏறி முற்றாவது அரிதினும் அரிது. 'பண்ணு', 'ஆகு', 'போடு', 'அடி', 'எடு' என்ற நம் வினைகளில் ஒன்று துணைவந்தே தீரவேண்டும். போன் போடுகிறோம், லீவும் போடுகிறோம், டிக்கெட் எடுக்கிறோம், தேர்வில் பாஸ் ஆகிறோம். பரீட்சை மண்டபத்தில் அயலான் எழுதியதைப் பார்த்து எழுதுவது 'காப்பி அடித்தல்'. அது முடிந்து வெளியே வந்து அருந்துவது 'காப்பி குடித்தல்'. எழுத்தளவில் இரண்டு காப்பியும் ஒன்றே. எதனைக் குறிக்கின்றோம் என்று தெளிவிப்பது தமிழ் வினையே.

எழுத்தால் ஒன்றுபட்டுப் பொருளால் வேறுபட்ட இத்தகைய சொற்கள் நம் மொழிக்குப் புதியதொரு சிலேடைச் செல்வத்தையே தந்துள்ளன. வழக்கும் கேஸ், அடுப்பெரிக்கும் வாயுவும் கேஸ். 'கேஸ் தீர்ந்துவிட்டது' என்று ஒரு மாது சொன்னால், வக்கீலுக்கு நன்றி கூறுவதா, சிலிண்டருக்கு ஆள் அனுப்புவதா என்று கேட்டே தெளிய வேண்டும். நறுமணத் தைலமும் சென்ட். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கும் சென்ட். தேர்வில் தோற்றவனும் பெயில். சிறையினின்று விடுபட்டவன் பெற்றதும் பெயில். 'போர்' என்பதோ இவை எல்லாவற்றிற்கும் தலைமையானது. தமிழிலேயே அதற்கு யுத்தம் என்றும் வைக்கோற் குவியல் என்றும் இரு பொருள். பூமியில் துளையிட்டு நீர் எடுக்கும் போர் மூன்றாவது. சலிப்பூட்டும் போர் நான்காவது. களத்திலே கதிரைப் பரப்பி மாடுகளை விட்டு மிதிப்பித்தலைப் 'போரடித்தல்' என்றனர் நம் முன்னோர். இன்று மாணவர் 'போரடிக்கிறது' என்பது வகுப்பைக் குறித்து. உழவர் போரடித்தால் நெல்லாவது மிஞ்சும்.

நீர் எடுக்கும் போரைச் சொன்னமையால் மின்சாரத்தையும் சொல்லவேண்டியுள்ளது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும், நமது தாமிரபரணிமேல் அமைந்த பாபநாசம் நிலையம் 1944-லும் வேலை தொடங்கின. கம்பி எட்டிய ஊர்களில் 'கரண்டு' என்ற சொல்லும் எட்டியது. ஆங்கிலத்தில் கரண்ட் என்பது ஓட்டம்; ஆற்று நீரோட்டத்திற்கும் காற்றோட்டத்திற்கும் பொதுப்பெயர். நம்மூரிலோ அது மின்சாரத்திற்கே சிறப்புப்பெயர். ஆகவே விளக்கு அணைந்தவுடன் நாம் 'கரண்டு போயிற்று' என்கிறோம். அதையே ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதும் மாணவனை ஆங்கில நாட்டார் சற்றே புருவம் நெரித்துப் பார்ப்பர். அவர்கள் அவ்விடத்து வழங்குவது 'பவர்' என்னும் சொல்லை. 'மோட்டார்' என்பது ஒரு காலத்தில் துரைமாரும் ஜமீன்தாரும் ஏறிய வண்டி. இன்று தோட்டக்காரர் 'மோட்டார் ஓடுகிறது' என்றால், கிணற்றில் நீர் இறைக்கும் பொறி ஒன்றையே கருதுகின்றார். அப்பொறி வந்ததும் கமலை போயிற்று. கமலையோடு கூனையும் வடமும் போயின. என் வயதொத்த பிள்ளைகளிடம் கூனை என்றால் என்னவென்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு சொல் வரும்போது பலருக்குத் தெரிகின்றது. போகும்போது ஒருவரும் அறிவதில்லை.

கடைத்தெருவுக்கு வந்தால் 'ஹோட்டல்' எதிர்ப்படுகின்றது. ஆங்கிலேயர்க்கு அது தங்குமிடம்; நமக்கு உண்ணுமிடம். தங்குவதற்கு நாம் 'லாட்ஜ்' தேடுகிறோம். ஆங்கிலத்தில் லாட்ஜ் என்பது பெரிய மாளிகையின் வாயிலில் காவலாளி வாழும் சிறு மனைக்கும் பெயர். ஊன் உணவு கிடைக்குமிடம் 'மிலிட்டரி ஹோட்டல்'. படைக்கும் அதற்கும் இன்று ஒரு தொடர்பும் இல்லை. மோட்டார் வண்டிகளில் மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904-ல் அத்தெருவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கிய கம்பெனி அப்பெயரைத் தன் சரக்குக்கு இட்டது. இன்று அந்நாட்டு இளைஞர் பலர்க்கு அச்சொல் தெரியாது; புளியங்குடிப் பஸ் நிலையத்தில் அதை அறியாதவர் இல்லை.

பள்ளிக்கூடத்திலும் இவ்வாறே. 'டீச்சர்' என்பது ஆங்கிலத்தில் இருபாற்கும் பொது. நம்மூரில் பெண்பாற்கே உரியது. ஆண் ஆசிரியர் 'சார்'. விளிப்பெயராக வந்த அச்சொல்லை நாம் எழுவாயாகவே ஆக்கிக்கொண்டோம்: 'சார் வந்துவிட்டார்', 'கணக்கு சார் இன்று லீவு' என்கிறோம். பொதுச்சொல் ஒருபாற் சொல்லாதலும், விளி எழுவாயாதலும் மொழி நூலார் குறித்து மகிழத்தக்க மாற்றங்கள்.

இவற்றையெல்லாம் பிழை என்று சொல்லலாமோ? சொல்லலாகாது என்பதே என் துணிபு. ஆங்கிலேயரும் நம் சொற்களுக்கு இதனையே செய்தனர். நம் கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. அவர்கள் மொழியில் 'கேட்டமரான்' என்று போய், இன்று இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகாகிவிட்டது. அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. மிளகுத்தண்ணீர் நம் வீட்டில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் நீர். அங்கே இறைச்சியும் அரிசியும் இட்ட விருந்துச் சாறு. சுருட்டும் அவ்வாறே கப்பலேறியது. நம் 'கறி' அவர்கள் நாட்டில் குழம்பாயிற்று. யூல், பர்னெல் என்னும் இருவர் இத்தகைய சொற்களைத் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் பேரகராதி 1886-ல் வெளிவந்தது. இவருள் பர்னெல் சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர். நமது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் (1924–1936) பிறமொழிச் சொற்களை ஒதுக்காது, எம்மொழியினின்று வந்தது என்ற குறிப்போடு பதிவு செய்தது. அதன் பதிப்பாசிரியராய் விளங்கிய வையாபுரிப் பிள்ளை நம் திருநெல்வேலிச் சீமையினர். எனினும் அவ்வகராதி முற்றுப்பெற்றபின் வந்த சொற்கள் மிகப் பல. வந்த சொற்களுக்கு ஏறிய புதுப்பொருளோ அவற்றினும் பல.

இதுவரை கூறியவை பெரும்பாலும் நகைத்து மகிழ்வதற்குரியவை. நகைக்க முடியாத சில சொற்களும் என் நோட்டுப் புத்தகத்தில் உள்ளன. இக்கட்டுரை எழுதத் துணிந்ததற்கு அவையே காரணம்.

முதலாவது 'பாசிட்டிவ்'. அன்றாடப் பேச்சில் அதற்கு நல்லது, நம்பிக்கை தருவது என்று பொருள்; 'நெகட்டிவ்' என்றால் தீயது, ஆகாதது. 'எப்போதும் பாசிட்டிவாகப் பேசு' என்று ஆசிரியர்களே அறிவுரை கூறுகின்றனர். பரிசோதனைச் சாலையிலோ அச்சொற்களின் நிலை தலைகீழ். நோய்க்கிருமி உளதா என்பது அங்கே கேள்வி. உளது என்னும் விடை பாசிட்டிவ். இலது என்னும் விடை நெகட்டிவ். ஆகவே நெகட்டிவ் என்ற தாளைப் பெற்ற நோயாளி அழவும், பாசிட்டிவ் என்ற தாளைப் பெற்றவர் மகிழ்ந்து வீட்டுக்குப் போகவும் இடமுண்டு. பின்னது முன்னதினும் கொடிது. நோய் உள்ளவர் மருந்தின்றிப் போகின்றார். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் நாடெங்கும் அச்சொற்கள் நாள்தோறும் ஒலித்தமையால் இம்மயக்கம் ஓரளவு தெளிந்தது எனலாம். ஆயினும் வேறு நோய்களின் சோதனைத் தாள்கள் இன்றும் அதே சொல்லில்தான் வருகின்றன. 'கிருமி உண்டு', 'கிருமி இல்லை' என்று இரண்டு சொல் எழுதினால் எழுதப்படிக்கத் தெரிந்த எந்தத் தாயும் அறிந்துகொள்வாள். 'உண்டு', 'இல்லை' என்பவற்றினும் எளிய தமிழ் உண்டோ?

மருத்துவத்தைச் சார்ந்தே இன்னும் சில. 'அவருக்குச் சுகர் இருக்கிறது', 'எனக்குப் பிரஷர் இல்லை' என்கின்றோம். இரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் இல்லாதவர் உயிரோடிருத்தல் இயலாது. சுகர் என்றது நீரிழிவு நோயை, பிரஷர் என்றது அளவுக்கு மிஞ்சிய இரத்த அழுத்தத்தை என்று நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆனால், அழுத்தம் அளவுக்குக் குறைந்து வருந்துபவரும் 'பிரஷர் இருக்கிறது' என்றே மருந்துக்கடையில் சொன்னால், அதைக் குறைக்கும் மாத்திரையே கிடைக்கக்கூடும். 'சீரியஸ்' என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் ஒருவரை அவ்வாறு கூறின், அவர் விளையாட்டுப் பேச்சில்லாதவர் என்பதே பொருள். தந்திச் செய்தியில் சொல் ஒவ்வொன்றுக்கும் கூலி உண்டாதலின், 'ஃபாதர் சீரியஸ்' என்று சுருக்கி அடித்தனர். அதுவே நம்மிடம் உயிருக்கு ஆபத்து என்ற பொருளாய் நிலைத்தது. தந்தி 2013 ஜூலையில் நின்றுவிட்டது. அது பெற்ற பொருள் நிற்கவில்லை. மாணவர் எழுதும் விடுமுறை விண்ணப்பங்களில், தகப்பனார் யாவரும் இன்றளவும் சிரிக்காத மனிதராகவே காட்சியளிக்கின்றனர்.

இவற்றினும் என்னை மிகவும் வருத்தியது 'ஷூரிட்டி' என்ற சொல். நம்மூரில் 'சூரிட்டி' என்பர். கடன் வாங்குவார் ஒருவர்; 'அண்ணாச்சி, நீங்க ஒரு சூரிட்டிக் கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்' என்று அயலார் ஒருவரை அழைப்பார். அவரும் அதைச் சாட்சிக் கையெழுத்துப் போன்றதென எண்ணி, உறவுக்கும் முகத்துக்கும் அஞ்சி இட்டுவிடுவார். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவு கூறுவது யாது? ஒப்பந்தத்தில் வேறுவகையாகச் சொல்லப்பட்டாலன்றி, பிணையாளியின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒரே அளவின. பாதியன்று, கால் அன்று, முழுதும். வாங்கியவர் கட்டாவிடின், கையெழுத்திட்டவர் முதலும் வட்டியும் கட்டவேண்டும். 'அவரிடம் முதலில் கேளுங்கள், இல்லையெனில் என்னிடம் வாருங்கள்' என்று சொல்லும் உரிமையும் பொதுவாக இல்லை. சாட்சிக் கையெழுத்துக்கோ இத்தகைய பொறுப்பு யாதும் கிடையாது. கையெழுத்து என்னமோ ஒரே கையெழுத்துத்தான். இடும் இடமும் இடத்தின் பெயருமே வேறு. அப்பெயர் விளங்காத மொழியில் இருக்கின்றது.

தமிழில் இதற்குப் 'பிணை' என்று பெயர். பிணை என்றால் கட்டு. பிணித்தல், பிணைத்தல், பிணையல் என்னும் சொற்களோடு உறவுடையது. தாம்பில் மாட்டைப் பிணைப்பது போல் ஒருவரோடொருவரைக் கட்டுதல் என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகின்றது. நம் வேதாகமத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலும் இச்சொல்லே ஆளப்பட்டது. நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்திலும் 11-ஆம் அதிகாரத்திலும், அயலானுக்காகப் பிணைப்படுவதுபற்றிய கடுமையான எச்சரிக்கை உண்டு. அவற்றை ஞாயிறுதோறும் ஆலயத்திலும் வேதபாட வகுப்பிலும் கேட்டு வளர்ந்தவர்களும் திங்களன்று 'சூரிட்டி' போடுகின்றனர். இரண்டும் ஒன்றே என்று அவர்களுக்குச் சொன்னவர் இல்லை. 'பிணைக் கையெழுத்துப் போடுகிறீரா?' என்று கேட்டிருந்தால், ஒரு கணமாவது கை தயங்கியிருக்கும் என்று நம்புகின்றேன்.

'டியூ' என்பதும் இவ்வழிப்பட்டதே. ஆங்கிலத்தில் செலுத்தவேண்டிய எத்தொகைக்கும் அது பெயர். மகளிர் குழுக்களில் வாங்கும் கடனுக்கு வாரந்தோறும் மாதந்தோறும் கட்டும் தவணையையே நம்மூரார் டியூ என்பர். ஆகவே, 'உங்கள் டியூ இவ்வளவு' என்று தாளில் கண்டால், இந்த மாதத் தவணையா, மீதியுள்ள கடன் முழுதுமா என்ற ஐயம் பிறக்கின்றது. 'தவணை', 'நிலுவை' என்று இரண்டு சொற்கள் நம்மிடம் இருக்க, இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பும் ஒரு சொல்லை ஏன் கொண்டோம் என்பது விளங்கவில்லை.

தமிழிற் சொல் இல்லையென்று சிலர் கூறுவர். மாசச்சூசட்ஸ் நாட்டிலிருந்து 1847-ல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவ மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன் இதற்கு விடை சொல்லிவிட்டார். மானிப்பாயில் அவர் நம்மவர்க்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய துறைகளில் பெரு நூல்களைத் தமிழாக்கினார். மருத்துவச் சொற்றொகுதிகளும் செய்தார். தமிழ்ச்சொல் இருந்தால் அதனையும், இல்லையேல் வடசொல்லையும், இரண்டும் இல்லாவிடத்தே ஆங்கிலத்தையும் கொண்டார். அந்நியர் ஒருவர் கற்றுச் செய்ததைப் பிறந்த மொழியாகப் பெற்ற நாம் செய்ய இயலாதென்றல் பொருந்தாது.

ஆகவே என் கருத்து இது. தனித்தமிழார் ஆக்கியவற்றுள் 'பேருந்து', 'தொலைபேசி' போன்றன எழுத்து வழக்கில் நிலைபெற்றன. பேச்சில் 'பேருந்து நிலையம்' என்ற பலகையின் கீழ் நின்றுகொண்டே யாவரும் 'பஸ் ஸ்டாண்டு எங்கே?' என்று கேட்கின்றனர். கேட்கட்டும், அதனால் எவரும் வழிதவறுவதில்லை. பஸ்ஸோடும் காப்பியோடும் போராடும் ஆற்றலில் ஒரு சிறு பங்கைச் சூரிட்டியின்மேலும் பாசிட்டிவின்மேலும் திருப்பினால் பயன் பெரிது. நம் கல்லூரித் தமிழ் மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர்களில் வங்கித் தாள், மருத்துவமனைச் சீட்டு, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றில் உள்ள சொற்களை மட்டும் தொகுத்து, மக்கள் அவற்றுக்குக் கொள்ளும் பொருளை ஒருபுறமும் உண்மைப் பொருளை மறுபுறமும் எழுதின், ஒரு சிறு அகராதி ஆகும். பழைய மாணவர்களுள் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் சேகரங்களிலும் பணிபுரிவோர் அதனைத் திருத்தித் தரலாம்.

என் தொகுப்பில் இன்னும் சேராத பகுதி ஒன்றுண்டு. கோவில்பட்டி, சிவகாசிப் பக்கங்களில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றும், பட்டாசுத் தொழிற்சாலையைப் 'பயர் ஆபீஸ்' என்றும் வழங்குகின்றனர். மருந்தும் குச்சியுமாகக் கைபுண்ணாக உழைக்கும் பெண்கள், 'ஆபீஸுக்குப் போகிறோம்' என்றே சொல்லி விடியற்காலையில் வண்டி ஏறுகின்றனர். அத்தொழிலுக்குள் வழங்கும் சொற்களை, சிறப்பாக மருந்து கலத்தல், உலர்த்தல், விபத்துக்காப்பு ஆகியன குறித்துச் சுவரில் ஒட்டியுள்ள எச்சரிக்கைச் சொற்களை, அப்பெண்கள் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்பதை வரும் விடுமுறையில் அவர்களிடமே கேட்டு எழுத எண்ணியுள்ளேன்.